ஒரு கிளப், ஒரு ஆயுள்: விம்பிள்டன் கால்பந்து ரசிகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கால்பந்து கிளப்பை ஆயுள் முழுக்க ஆதரிப்பது என்றால் என்ன? லிவர்பூலையோ மான்செஸ்டர் யுனைடெட்டையோ வைத்து இதற்குப் பதில் சொன்னால், கோப்பைகளின் பளபளப்பில் விஷயம் மறைந்துவிடும். அதனால் லண்டனின் தென்மேற்கில் இருக்கும் விம்பிள்டனை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ரசிகர்களிடமிருந்து கிளப்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ரசிகர்களாகவே இருந்தார்கள். அது எப்படி, எதன் ரசிகர்களாக என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

விம்பிள்டன் என்றால் டென்னிஸ்தானே?

டென்னிஸும் அங்கேதான். ஆனால் 1889-லேயே ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்த ஊரில் கால்பந்து கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில் ஆடுவார்கள். உடை மாற்றிக்கொள்ள ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் என்ற மதுக்கடை. 1912-ல் ப்ளோ லேன் என்ற தெருவில் சொந்த மைதானம் அமைந்தது. 1977 வரைக்கும் பெரிய லீக்கின் நான்கு பிரிவுகளுக்கும் வெளியே இருந்த டீம் அது. ஆனால் அதற்கு அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 1986-ல், முதல் பிரிவுக்கு ஏறிவிட்டது.

1988 மே 14 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் லிவர்பூல். டென்னிஸ் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை லாரி சாஞ்செஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். பிற்பாதியில் லிவர்பூலுக்குக் கிடைத்த பெனால்டியை ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடிக்க, கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பெனால்டியை ஒருவர் தடுத்தது அதுதான் முதல் தடவை. 1-0. அந்த மைதானத்தில் அன்று இருந்த விம்பிள்டன்காரர்கள் இதை இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலத்தான் சொல்வார்கள்.

ஒருவர் எப்படி ஒரு கிளப்பின் ஆயுள்கால ரசிகர் ஆகிறார்?

பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பா அந்த டீம், தாத்தா அந்த டீம், வீடு அந்தத் தெரு. ஆறேழு வயதில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் மேட்சில் யார் கோல் அடித்தார் என்பது மறந்துபோயிருக்கும். வெங்காயம் வதங்கும் வாசனையும், முன்னால் நிற்பவரின் முதுகு மறைத்ததும், பக்கத்திலிருந்த பெரியவர் வாயில் வந்த வசவும் ஞாபகத்தில் இருக்கும்.

அப்புறம் பழக்கம் வேலையைக் காட்டும். சீசன் டிக்கெட் வாங்கினால் ஆண்டு முழுக்க அதே இருக்கை. இடது பக்கம் இருப்பவரும் அதே ஆள், பின்வரிசையில் இருப்பவரும் அதே ஆள். இருபது வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தும் அவருடைய முழுப்பெயர் தெரியாமல் இருக்கும். ஆனால் அவருக்கு மூட்டு ஆபரேஷன் எப்போது நடந்தது, மகள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்பதெல்லாம் தெரியும். ஒரு சனிக்கிழமை அந்த இருக்கை காலியாக இருந்தால் மனசு திக்கென்று ஆகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரிட்டனில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் மேட்சுகளை அந்த நாட்டு டிவியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று ரொம்ப காலமாக ஒரு தடை. சிறிய கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆக, உங்கள் டீமைப் பார்க்க வேண்டுமென்றால் கிளம்பிப் போக வேண்டும். போகிறவர்களுக்குள்தான் இந்தப் பந்தம் வளர்கிறது.

டீம் தொடர்ந்து தோற்றால் வேறு டீமுக்கு மாறிக்கொள்ளலாமே?

சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆனால் அப்படி மாறினவரை அந்த ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் மேலிருந்து கீழாக நான்கு தொழில்முறைப் பிரிவுகளில் 92 கிளப்புகள் ஆடுகின்றன. பெரிய கோப்பை என்று ஆண்டுக்கு மூன்று நான்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிகப் பெரும்பாலான ரசிகர்கள் தங்கள் டீம் எதையும் ஜெயித்துப் பார்க்காமலேயே போய்ச் சேருவார்கள். அது அவர்களுக்கும் தெரியும். வெற்றிக்காகத்தான் வருகிறார்கள் என்றால், அடுத்த வாரமே பாதி மைதானங்களை இழுத்து மூட வேண்டியதுதான்.

2002-ல் அப்படி என்னதான் நடந்தது?

கதை அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. ப்ளோ லேன் பழைய காலத்து மைதானம். அதைத் திருத்திக் கட்டாமல், 1991-ல் கிளப்பைக் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு மாற்றினார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் பன்னிரண்டு ஆண்டு நீண்டது. நடுவில் ப்ளோ லேன் நிலம் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்குப் போனது. உரிமையாளர்களும் மாறினார்கள்.

2000-த்தில் ப்ரீமியர் லீக்கிலிருந்து டீம் கீழே இறங்கியது. அதுவும் கோப்பை ஜெயித்த அதே மே 14 அன்று! 2001-ல் கிளப்பைச் சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகப்போவதாக அறிவித்தார்கள். கால்பந்து சங்கம் அமைத்த மூன்று பேர் குழு 2002 மே 28 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. விம்பிள்டனிலேயே ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. ரசிகர்கள் பிற்பாடு அந்த வரியையே டிஷர்ட்டிலும் பேனரிலும் போட்டுக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

நம் ஊரில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது 2018-ல் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, ரசிகர்களைச் சிறப்பு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது ஒரு சீசனோடு முடிந்தது. இனி அவர்கள் நிரந்தரமாகப் புனே டீம்தான், பெயரையும் மாற்றப்போகிறோம் என்று அறிவித்திருந்தால் சேப்பாக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிளப்பே போய்விட்ட பிறகு ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

இரண்டே நாளில், மே 30 அன்று, ஊர்ச் சமூகக்கூடத்தில் கூடினார்கள். போராடி அலுத்துப்போயிருந்தார்கள். வழக்கு, மேல்முறையீடு என்று இன்னும் இழுக்கலாமா, அல்லது பேசாமல் நாமே ஒரு டீம் வைத்து ஆட்டம் பார்க்கலாமா? டீம் வைப்பது என்று முடிவானது. பெயர்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன்.

ஆட்டக்காரர்கள் வேண்டுமே. ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமனில் திறந்தவெளித் தேர்வு வைத்தார்கள். எந்தப் புல்வெளியில் 1889-ல் தொடங்கினார்களோ அதே இடம். சுமார் 230 பேர் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து ஒரு டீமைப் பொறுக்கியெடுத்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டோடு முதல் நட்பாட்டம். பார்க்க வந்த கூட்டம் 4,657. வாசலில் வரிசை நீண்டதால் ஆட்டத்தைத் தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது. 0-4 என்று தோற்றார்கள். அன்றைக்கு அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள்.

இதே 2002-03 சீசனில் பழைய கிளப் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடிய ஒரு மேட்சுக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. ஏழு மாடி கீழே, ஒன்பதாம் அடுக்கு லீக்கில் ஆடிய புது டீமுக்குச் சராசரியாக மூவாயிரம் பேர் வந்தார்கள். கிளப் என்பது எது என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒன்பதாம் அடுக்கில் ஆட்டம் எப்படி இருக்கும்?

கம்பைண்ட் கவுன்டீஸ் லீக் என்று பெயர். மைதானத்தைச் சுற்றி ஒரு கம்பி வேலி, ஒரு பக்கம் சின்னக் கூரை, ஒரு டீக்கடை. ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். வழக்கமாகச் சில டஜன் பேர் வருகிற இடத்தில் விம்பிள்டன்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினால், அந்தச் சின்ன கிளப்புக்கு அன்றைக்கு ஒருநாள் டீ, பியர் விற்பனையிலேயே ஒரு சீசன் செலவு தேறிவிடும்.

டீமும் சீக்கிரமே தேறியது. 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இங்கிலாந்தில் அது சாதனை. ஒன்பதாவது சீசனுக்குள் நான்கு முறை மேலே ஏறியிருந்தார்கள். ஐந்தாவது ஏற்றத்துக்கு, 2011 மே மாதம் மான்செஸ்டரில் லூட்டன் டவுனோடு, மேலே ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் ப்ளே-ஆஃப் இறுதி. கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். சின்ன வயதிலிருந்தே விம்பிள்டன் ரசிகர் அவர்! கடைசிப் பெனால்டியை டேனி கெட்வெல் உள்ளே அடித்தார். 4-3. நான்காம் பிரிவு, அதாவது மறுபடி பெரிய லீக்.

மில்டன் கீன்ஸ் கிளப் இப்போது என்ன ஆயிற்று? அந்த ரசிகர்கள் மேல் கோபம் நியாயமா?

2003-ல் இடம் மாறியது, 2004-ல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாறியது. "டான்ஸ்" என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனதுதான் இன்றும் ஆறாத காயம். பெயரை உச்சரிக்கவே மறுக்கும் விம்பிள்டன்காரர்கள் உண்டு. 2012 டிசம்பரில் எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு கிளப்பும் முதல் தடவை மோதின. பல ரசிகர்கள் மில்டன் கீன்ஸ் மண்ணை மிதிக்க மாட்டோம் என்று போகவேயில்லை. மேட்சைக் கடைசி நேர கோலில் மில்டன் கீன்ஸ் 2-1 என்று ஜெயித்தது. முதல் வெற்றிக்கு விம்பிள்டன் 2014 அக்டோபர் வரை காத்திருந்தது.

உரிமையாளர்கள் மேலும், அனுமதி கொடுத்த குழு மேலும் கோபப்பட நூறு நியாயம் இருக்கிறது. ஆனால் 2005-ல் மில்டன் கீன்ஸில் பிறந்து, ஏழு வயதில் அப்பாவோடு மேட்சுக்குப் போக ஆரம்பித்த பிள்ளை என்ன தப்புச் செய்தது? அதற்கும் அதுதான் சொந்த ஊர் டீம். இதைச் சொன்னால் விம்பிள்டன்காரர்களில் சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள்.

1988 கோப்பை யாருக்குச் சொந்தம்?

விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் வட்டாரத்துக்கு. ரசிகர் அமைப்புகளோடு 2006-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி, பழைய வரலாற்றுக்குத் தாங்கள் உரிமை கோரவில்லை என்று மில்டன் கீன்ஸ் கிளப் ஒப்புக்கொண்டது. 2007-ல் நினைவுப் பொருட்கள் மெர்ட்டனுக்குத் திரும்பின.

ரசிகர்களே கிளப்பின் முதலாளி என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி?

டான்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பு பெரும்பான்மைப் பங்கை வைத்திருக்கிறது. சந்தா கட்டி யாரும் உறுப்பினராகலாம். எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான்.

கேட்க நன்றாக இருக்கும், செய்வது கடினம். மற்ற கிளப்புகளில் கோடீஸ்வரர் ஒருவர் ஆண்டு நஷ்டத்தைத் தன் பையிலிருந்து அடைப்பார். இங்கே அப்படி யாரும் இல்லை. நல்லா ஆடுகிற பையனை விற்றுத்தான் மின்கட்டணம் கட்ட வேண்டிய நிலை. சொந்த மைதானம் கட்ட, அதுவரை ஆடிக்கொண்டிருந்த கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு செல்சியின் பெண்கள் டீம் அங்கே ஆட ஆரம்பித்தது. அப்படியும் பணம் பற்றாமல் 2019-20 சீசனில் திட்டம் ஆட்டம் கண்டது. வெளி முதலீட்டாளரிடம் பெரும்பங்கைக் கொடுத்துவிடலாமா என்று சூடான விவாதம் நடந்தது. கடைசியில் ரசிகர்களிடமே கடன்பத்திரம் வெளியிட்டார்கள். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. வாங்கியவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள்.

என்னைக் கேட்டால், கூட்டம் கூட்டிப் பேசிப் பேசியே பாதி சக்தி போகிற இந்த முறைக்கு ஒரு நன்மை உண்டு: இன்னொரு தடவை யாரும் கிளப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

ப்ளோ லேனுக்குத் திரும்பினார்களா?

2020 நவம்பர் 3 அன்று. பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து சில நூறு அடி தூரம்தான். முன்பு நாய்ப்பந்தய அரங்கம் இருந்த நிலம். எதிரணி டான்காஸ்டர் ரோவர்ஸ், முடிவு 2-2, புது மைதானத்தில் முதல் கோல் ஜோ பிகாட். இருபத்தொன்பது ஆண்டு காத்திருந்த ரசிகர்களில் ஒருவருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கொரோனா. கடன்பத்திரம் வாங்கியவர்களும் வீட்டிலிருந்து திரையில்தான் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. மார்ச்சிலேயே ரசிகர்கள் சிலர் டான்ஸ் லோக்கல் ஆக்ஷன் குரூப் என்று ஒன்றைத் தொடங்கி, சூப்பர் மார்க்கெட் வாசல்களில் மளிகை திரட்டிச் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் முடங்கியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கியவர் எந்த டீம் என்று யாரும் கேட்கவில்லை.

மற்ற இடங்களிலும் இப்படி உண்டா?

நிறைய. இரண்டு மட்டும் சொல்கிறேன்.

மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பரி, 1885-ல் பிறந்த கிளப். இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தது. பணச் சிக்கலில் மாட்டி 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் புது டீம் தொடங்கி, கீழ் அடுக்கில் ஆடி, 2023-ல் பழைய கிக் லேன் மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

ஜெர்மனியில் யூனியன் பெர்லின். மைதானத்தைப் புதுப்பிக்கக் காசில்லாதபோது 2008-09-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்து வேலை செய்தார்கள். சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு என்று கணக்கு.

ஆயுள் முழுக்க என்றால், இறந்த பிறகு?

ரசிகர் யாராவது இறந்தால், அவர் 67 வயதுக்காரர் என்றால், அடுத்த மேட்சின் 67-வது நிமிடத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டுவது இங்கிலாந்தில் பல மைதானங்களில் பழக்கம். ஆட்டம் நிற்காது. எதிரணி ரசிகர்களும் சேர்ந்து தட்டுவார்கள். அஸ்தியை மைதானத்தில் தூவக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. புல் கெட்டுவிடும் என்று கிளப்புகள் பெரும்பாலும் மறுத்துவிடும். சிலர் நினைவுத் தோட்டம் வைத்திருக்கிறார்கள்.

இதில் யூனியன் பெர்லின் செய்தது தனி. 2019 ஆகஸ்டில் அவர்கள் முதல் தடவையாக ஜெர்மனியின் உச்ச லீக்கில் ஆடினார்கள். அந்த நாளைப் பார்க்காமல் போய்விட்ட ரசிகர்களின் பெரிய படங்களை, உறவினர்களும் நண்பர்களும் கையில் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். 455 பேர். அன்றைய பார்வையாளர் எண்ணிக்கையைக் கிளப் அறிவித்தபோது அந்த 455 பேரையும் சேர்த்தே அறிவித்தது. லைப்சிக் டீமிடம் 0-4 என்று தோற்றார்கள்.

இதில் கெட்ட பக்கமே இல்லையா?

ஏன் இல்லை? 1970, 80-களில் இங்கிலாந்து மைதானங்களில் நடந்த அடிதடியும் கறுப்பின ஆட்டக்காரர்கள் மேல் வாழைப்பழம் வீசியதும் இதே விசுவாசத்தின் பெயரால்தான். குடும்பத்தில் கல்யாணத் தேதியை மேட்ச் அட்டவணை பார்த்துக் குறிக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. இந்த விசுவாசத்தைத் தெரிந்துகொண்டுதான் முதலாளிகளும் டிக்கெட் விலையை ஏற்றுகிறார்கள், வருடத்துக்கு மூன்று ஜெர்சி வெளியிடுகிறார்கள். வேறு கடைக்குப் போக மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் எந்தக் கடைக்காரர் தள்ளுபடி கொடுப்பார்?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு டிவியில் பார்க்கிறேன். நான் ரசிகனா இல்லையா?

ரசிகர்தான். வேடிக்கை என்னவென்றால், சனிக்கிழமை மூன்று மணி ப்ரீமியர் லீக் மேட்சை இங்கிலாந்துக்காரர் டிவியில் பார்க்க முடியாது. நீங்கள் அதை இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ சாப்பிட்டுக்கொண்டே நேரலையில் பார்க்கிறீர்கள்.

ஆனால் வித்தியாசம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கிளப் ஊரை விட்டுப் போனால் உங்கள் டிவியில் எதுவும் மாறாது. பக்கத்து இருக்கைப் பெரியவர் உங்களுக்குக் கிடையாது. அந்த அனுபவம் வேண்டுமென்றால் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. மேட்சுக்கு சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர் கூட்டத்தோடு ஒரு தடவை நின்று பாருங்கள். 2015-லும் 2017-18-லும் கோப்பை ஜெயித்தபோது வந்தவர்கள் நிறைய. அதற்கப்புறம் வந்த வறட்சியான சீசன்களிலும் மேளத்தோடு வந்து நிற்பவர்களைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

விம்பிள்டன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

2016-ல் மூன்றாம் பிரிவுக்கு ஏறி, 2022-ல் இறங்கியது. 2024 செப்டம்பரில் பக்கத்து வாண்டில் ஆறு பெருகி, மைதானத்தில் பெரிய பள்ளமே விழுந்துவிட்டது. நியூகாசிலோடு அங்கே நடக்கவேண்டிய கோப்பை ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்றினார்கள். பழுதுபார்க்க ரசிகர்கள் மறுபடி பணம் திரட்டினார்கள். அதே சீசன் முடிவில், 2025 மே 26 அன்று, வெம்ப்ளி ப்ளே-ஆஃப் இறுதியில் மைல்ஸ் ஹிப்போலிட் அடித்த ஒரே கோலில் வால்சாலை வென்று மூன்றாம் பிரிவுக்குத் திரும்பினார்கள்.

லண்டன் போனால் ஒரு மேட்ச் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் மைதானம். ப்ரீமியர் லீக் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் போனால் பக்கத்திலிருப்பவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். மில்டன் கீன்ஸ் கிளப்பின் முழுப்பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.